அறிதுயில் களம்

விடுவிப்பு நாள் ஆண்டுக்கு ஒருமுறை வரும். அன்று மாலை ஆறு மணிக்குள் ஒவ்வொரு கபடி அணியும் தனக்கு இனி வேண்டாதவர்களின் பெயர்களைத் தலைமைச் சங்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் ஏறியவன் அந்நொடியே அணியற்றவன். ஏறாதவனுக்கு இன்னும் ஓராண்டு சோறும் பேரும் உண்டு. திருநெல்வேலியின் பொருநைப் புரவிகள் அணிக்குப் பொது மேலாளராக இருந்த குழைக்காதவல்லி இந்த நாளைப் பதினேழு முறை கடந்திருந்தாள். ஆளை எடுப்பதும் விடுப்பதும் அவள் தொழில். பதினெட்டாம் முறை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு, அவள் மேசைமேல் கிடந்த தாளில் ஒரே ஒரு பெயர் மட்டும் எழுதப்படாமல் நின்றது.

மாசானம். வயது முப்பத்தொன்று. பாடிச் செல்பவன், அதாவது, ஒரே மூச்சில் கபடி பாடிக்கொண்டு எதிரியின் பாதிக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்கு மீள்பவன். அந்த அணி பெற்ற மூன்று கோப்பைகளில் இரண்டு அவன் மூச்சில் வந்தவை.

"மூணு வாரம் மேடம்," என்றார் பயிற்சியாளர் ஞானதிரவியம். நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். "தூக்கக் களத்துல ஒரு நாளாவது நடுக்கோட்டைத் தொட்டிருக்கானா? போகுதான். திரும்பி வரமாட்டேங்கான்."

"முழிச்சிருக்கையில நல்லாத்தானே ஆடுதான்?"

"முழிச்சிருக்கையில எல்லாவனும் நல்லாத்தான் ஆடுவான். நாம பாக்கோம்லா."

அதுதான் அக்காலத்தின் நம்பிக்கையாக இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குமுன் அந்தக் கருவி வந்தபோது, அதைச் செய்தவர்கள் அதற்கு அறிதுயில் களம் என்று பெயரிட்டார்கள். அரவணைமேல் கண்வளர்ந்தபடியே உலகனைத்தையும் காண்பவனின் துயிலுக்கு உரிய சொல்லை ஒரு பயிற்சிக்கூடத்துக்கு இட்டதில் வல்லிக்கு முதலில் வருத்தம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பகலுணவுக்குப்பின் ஏழு வீரர்களும் வரிசையாகக் கட்டில்களில் படுப்பார்கள். நெற்றியில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை. நால்வரும் ஐவரும் அல்ல, எழுவரும் ஒரே கனவுக்குள் இறங்குவார்கள். அங்கே ஒரு களம் இருக்கும். எதிரே ஏழு நிழல்கள் நிற்கும். விழித்த உடல் ஆசைக்கும் அச்சத்துக்கும் நடிக்கும். உறங்கும் உடலுக்கு நடிக்கத் தெரியாது. ஆகவே கனவில் பத்துக்கு எடுத்த புள்ளிகளே ஒருவனின் உண்மையான விலை என்று உரிமையாளர்கள் கொண்டார்கள். இருபத்தொரு நாள் தொடர்ந்து பூச்சியம் பெற்றவனை விடுவித்தாக வேண்டும். மேலாளர் மறுக்கலாம், ஆனால் காரணத்தைக் காட்ட வேண்டும்.

"நேத்தோட இருவது நாள்," என்றார் ஞானதிரவியம். "இன்னைக்கும் பூச்சியம்னா முடிஞ்சுது. பூச்சியத்தோட வெளிய விட்டா அவன எந்த டீமு எடுக்கும்? நாளைக்கே லோடு ஆட்டோதான். நல்ல பய மேடம். எனக்கும் மனசு கேக்கல. ஆனா காரணம் என்னன்னு எழுதுவீங்க?"

"காரணத்தைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுதேன்," என்று வல்லி எழுந்தாள்.

அவளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும்போதெல்லாம் ஒரு தொடர் தவறாமல் வரும்: கேளாமல் விற்காதவர். தென்திருப்பேரைக் கல்லூரி மைதானத்தில் புள்ளி குறிப்பவளாகத் தொடங்கி, முப்பது வயதில் ஓர் ஏழை அணியின் மேலாளரானவள், பெரிய நகர அணிகளோடு போட்டியிட வேறு வழியறியாமல் இளைஞர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். உன்னை இன்னோர் அணிக்கு மாற்றும் நாள் வந்தால், முதலில் உன் முகத்தைப் பார்த்து உன்னிடம் கேட்பேன். நீ சம்மதித்தால்தான் கையெழுத்து. மற்ற அணிகளில் வீரர்கள் தாம் விற்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்ட காலம் அது. அந்த ஒரு வாக்குக்காக நாங்குநேரியிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் பாதி ஊதியத்துக்கு நல்ல பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவள் வாழ்க்கை முழுதும் அந்த வாக்கின்மேல் கட்டியதுதான்.

உறக்கக் கூடம் மாடியில் இருந்தது. நீலத் திரைகள், ஈரத்துணியின் மணம். கருவியைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர் ஷாஹிதா, மேலப்பாளையத்துப் பெண், கட்டில் விரிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வீரர்கள் இன்னும் சாப்பாட்டறையிலிருந்து வரவில்லை.

"மாசானத்தோட கனவுல என்னதான் நடக்கு டாக்டர்?"

"எண்ணுதான் மேடம் எனக்கு வரும். படம் வராது. கனவ வெளிய இருந்து பாக்க முடியாது." ஷாஹிதா திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். "இங்க எதிர்க்களத்துக்குள்ள போறாங்க. இங்க, நாலு அடி தள்ளி, இடது ஓரத்துல ஒரு நிழல் கணுக்காலைப் பிடிக்கு. அதுக்கப்புறம் கோடு அப்படியே நிக்கு. முப்பது வினாடிக் கணக்கெல்லாம் கனவுல கிடையாது, மூச்சு அறுந்தாத்தான் அவுட்டு. ஆனா அவங்க மூச்சு அறுந்ததே இல்ல. எழுப்புற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்காங்க."

"பிடிக்கது எந்த நிழல்?"

ஷாஹிதா சற்றுத் தயங்கினாள். "இசக்கியோடது. போன மாசம் நீங்கதான் மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. நம்ம பயலுவ பலமான பிடிகாரன்கிட்டப் பழகட்டும்னு கோச் கேட்டாங்க. நம்ம வீரர்கள் எல்லாம் இந்தப் பக்கம் தூங்குறவங்க. நிழல்னா எதிர்ப்பக்கம்தான் வைக்க முடியும்."

வல்லிக்கு அந்தக் கையெழுத்து நினைவிருந்தது. அன்று அதில் பிழை ஒன்றும் தோன்றவில்லை. இசக்கிராசா அவர்களின் இடது ஓரத்து வீரன். ஈராண்டுக்குமுன் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், பதினோராவது ஆளைப் பிடித்தபடியே நெஞ்சு நின்று இறந்தவன். அவனும் மாசானமும் ஒரே ஊரிலிருந்து ஒரே பேருந்தில் வந்தவர்கள். அவனுடைய ஐந்து ஆண்டு ஆட்டங்களும் மணிக்கட்டுப் பட்டையில் பதிந்து கிடந்தன. கிடப்பதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அத்தனை அக்கறையாக வெற்றியை எண்ணுகிறவர்களுக்கு, தோழனைத் தோழனுக்கு எதிரில் நிறுத்துகிறோம் என்பது எண்ணத்தில் வரவில்லை.

"அந்த நிழலுக்கு என்ன தெரியும்?"

"உடம்பு மட்டுந்தான். எப்படிக் குனிவாங்க, எப்படிப் பிடிப்பாங்க, எங்க பயப்படுவாங்க. கடைசி ஆட்டத்துக்குத்தான் கணக்குல எடை ஜாஸ்தி, ஏன்னா அதுதான் அவங்க ஆடினதுலயே பெரிய ஆட்டம்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "அந்த ஆட்டத்து நாடிய நான் பாத்திருக்கேன் மேடம். அது ஜெயிக்க ஆடுறவங்க துடிப்பு மாதிரி இல்ல. எதுக்கோ பயந்தவங்க துடிப்பு," என்றாள்.

வல்லி சன்னலருகே போய் நின்றாள். வெளியே வெயில் மைதானத்தின்மேல் ஒரு விரிப்பைப் போல அசைவற்றுக் கிடந்தது.

"எட்டாவது கட்டில் ஒண்ணு இருக்கே."

"பார்வையாளருக்குன்னு வச்சது. இதுவரைக்கும் யாரும் படுத்ததில்ல."

"நான் படுக்கேன்."

ஷாஹிதா மறுக்கவில்லை. "ஓரத்துல நில்லுங்க மேடம். கோட்டுக்குள்ள போகாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

வீரர்கள் வந்தார்கள். மேலாளர் கட்டிலில் படுத்திருப்பதைக் கண்டு ஒருவன் சிரிப்பை அடக்கினான். "மேடத்துக்கு இன்னைக்குச் சோறு ஜாஸ்தியா?" என்று வலது ஓரத்துப் பையன் முணுமுணுக்க, "வாய மூடுல, சம்பளத்துல கை வச்சிருவாங்க," என்றான் மற்றவன். மாசானம் மட்டும் சிரிக்கவில்லை. நெடிய உடல், காதோரம் இரண்டு நரை. அவள் கட்டிலைக் கடக்கும்போது நின்று, "எம்பேர எழுதியாச்சா மேடம்?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"சரி," என்று தன் கட்டிலில் சாய்ந்து, இறைவன்முன் வைப்பதுபோல இரு கைகளையும் மார்பின்மேல் சேர்த்துக்கொண்டான்.

துயில் ஒரு படித்துறை. முதற்படியில் உடல் நனைந்தது. அடுத்த படியில் பெயர் நனைந்தது. அதற்குக் கீழும் படி உண்டோ என்று வல்லி கால்நீட்டித் தேடுவதற்குள் நீர் அவளைத் தூக்கிக்கொண்டது.

வெண்மணல். நீர் வற்றிய ஆற்றின் அகலம். அந்தியும் அன்று, விடியலும் அன்று. எங்கிருந்து வருகிறதென்று அறியவொண்ணாத ஓர் ஒளி, பாலில் கரைத்த மஞ்சள்போல எங்கும் பரந்திருந்தது. மணலின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு ஒன்று ஓடிற்று. கோட்டுக்கு இப்புறம் அவளுடைய அறுவர் நின்றார்கள். மெல்ல அலைகிற நீர்ச்செடிகள்போல நின்ற இடத்திலேயே அசைந்தார்கள். அப்புறம் நிழல்கள். ஆறு நிழல்களுக்கு முகமில்லை. மணலில் மார்பூன்றிக் கிடந்த ஏழாவது நிழலுக்கு முகம் இருந்தது.

அது மாசானத்தின் இடது கணுக்காலை இரு கைகளாலும் பற்றியிருந்தது. மாசானம் குப்புறக் கிடந்து வலக்கையைக் கோட்டை நோக்கி நீட்டியிருந்தான். விரல்நுனிக்கும் சுண்ணாம்புக்கும் இடையே நான்கு விரற்கடை இருக்கும். அவன் பாடிக்கொண்டிருந்தான். கபடி, கபடி, கபடி. அவசரமில்லாத பாட்டு. திருநாமத்தை உருவேற்றுகிறவனின் உதடுபோல அந்த உதடு அசைந்தது. பாட்டு அறுந்தால் ஆட்டம் முடியும். அவன் அறுக்கவில்லை.

பொய்கையில் முதலை காலைப் பற்ற, தும்பிக்கையில் பூவை உயர்த்தி ஆதிமூலத்தை அழைத்த வேழத்தை வல்லி சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள். காலைப் பற்றிய பிடியும் விடாத பெயரும் இங்கே இருந்தன. கருடன் ஏறி வருகிறவன் மட்டும் இல்லை. அழைப்பவனின் கண் திசைநோக்கிப் பார்க்கவில்லை. தன் காலடியில் கிடப்பவனைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"சொல்லுல," என்றான் இசக்கி. உயிரோடிருந்தபோது இருந்த அதே கம்மிய குரல். "என்ன வித்துட்டாங்களா?"

மாசானம் தலையை அசைத்தான். இல்லை. பாட்டு நின்றுவிடும் என்பதால் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"அப்ப எதுக்குல நான் இந்தப் பக்கம் நிக்கேன்?"

மாசானத்துக்கு விடை தெரியவில்லை. மறுபடி தலையை அசைத்தான். மறுபடி அந்தக் கேள்வி வந்தது. மணலில் அவன் முழங்கை உழுத தடத்தின் ஆழத்தைப் பார்த்தாள் வல்லி. இருபது நாள் தடம் அது.

அவள் கோட்டைக் கடந்தாள்.

"வாங்க மேடம்," என்றான் இசக்கி. முகம் மலர்ந்தது. "கையெடுத்துக் கும்பிட முடியல, தப்பா நெனைக்காதீங்க. பிடிய விட்டா இவன் ஓடிருவான்."

"தெரியும் இசக்கி."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் எதுக்கு மேடம் இந்தப் பக்கம் நிக்கேன்? இவன்கிட்டக் கேட்டா மண்டைய மண்டைய ஆட்டுதான்."

நீ இறந்துவிட்டாய் என்று சொல்லலாம். அது உண்மையே. இறந்தவனிடம் இறப்பைச் சொல்வது எளிது. அதில் அவளுக்குப் பழியில்லை. அவளுடைய நா அந்தச் சொல்லை எடுக்கவும் முனைந்தது. ஆனால் அவன் கேட்டது அதுவன்று. விற்றாயா என்று கேட்கிறவனுக்கு, இறந்தாய் என்பது விடையாகுமா? அருகே மாசானம் பாடிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் அவளை நம்பிக்கையோடு பார்த்தன. சொல்லுங்கள் மேடம், நீங்களே சொல்லுங்கள், இல்லையென்று.

"ஆமா இசக்கி," என்றாள். "வித்துட்டேன்."

மாசானத்தின் பாட்டு ஒருமுறை தடுக்கி, மீண்டும் பிடித்துக்கொண்டது.

"யாருக்கு?"

"நாகபுரி டீமுக்கு."

"என்னைக்கு?"

"அந்த ஆட்டத்தன்னைக்குக் காலையில. பத்து மணி இருக்கும்."

"கேப்பேன்னு சொன்னீங்களே மேடம்."

"கேக்கணும்னுதான் இருந்தேன். அவங்க பத்தரைக்குள்ள பதில் கேட்டாங்க. நீ பயிற்சியில இருந்த. ஆட்டம் முடியட்டும், அப்புறம் உக்காந்து பேசிக்கிடலாம்னு நெனச்சேன்."

"கையெழுத்துப் போட்டப்புறம் என்னத்தக் கேப்பீங்க?"

அவன் குரலில் சினம் இல்லை. கணக்கில் ஒரு படி விளங்காத மாணவன்போல, விளங்கிக்கொள்ளவே கேட்டான். அன்று மாலை அவன் இறந்ததும் நாகபுரியின் மேலாளர் தானே அழைத்து, இந்தத் தாளை நான் கிழித்துவிடுகிறேன் அம்மா, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். மறுநாள் செய்தித்தாள்கள் அவள் மருத்துவமனை வாசலில் அமர்ந்திருந்த படத்தைப் போட்டு, கேளாமல் விற்காதவர் தம் வீரனை இழந்தார் என்று எழுதின. அவள் மறுக்கவில்லை. அதற்குப் பின்வந்த இரண்டாண்டுகளில் அவளை நம்பி வந்து சேர்ந்த பிள்ளைகள் பதினான்கு பேர்.

"எனக்குப் பதிலா அங்கேருந்து யாரு வாரா?"

"ரெண்டு பயலுவ."

"ரெண்டு பேரா?" அவன் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போயிற்று. "அப்ப நல்ல விலதான்." பிறகு மணலைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னைக்கே சொல்லிருந்தா நான் அப்படி விழுந்து விழுந்து ஆடிருக்க மாட்டேன் மேடம். பதினோரு பிடி. ஒம்பதாவதுலயே நெஞ்சு அடைச்சுது. உக்காந்தா நீங்க பாத்துருவீங்க, இவன் ஆக மாட்டான், விடுவோம்னு நெனச்சுருவீங்கன்னு எழும்பி எழும்பி ஆடினேன். வித்தாச்சுன்னா உக்காந்திருப்பேன்லா."

ஒளி மாறவில்லை. எங்கோ ஆறு இல்லாத இடத்தில் ஆற்றின் ஓசை கேட்டது.

"மன்னிச்சுக்கோ" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததா, மணலிலிருந்து வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது இருக்கட்டும். ரயிலு எப்ப?"

"நாளைக்குக் காலம்பற."

"அப்ப துணியெல்லாம் எடுத்து வைக்கணுமே," என்றான் இசக்கி. தன் கைகளைப் பார்த்தான். சுண்டுவிரலை முதலில் விட்டான், பிறகு அடுத்தது, பூ ஒன்று தன் நேரத்துக்கு அவிழ்வதுபோல ஒவ்வொரு விரலாகப் பிடி விட்டது. எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, முகமில்லாத அறுவரைக் கடந்து, அந்தப் பாலொளிக்குள் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாசானத்தின் விரல் சுண்ணாம்பைத் தொட்டது.

விழித்தபோது ஞானதிரவியம் கூடத்தில் இருந்தார். திரையைப் பார்த்து, சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினார். "தொட்டுட்டான் மேடம். பத்துப் புள்ளி. பத்துக்குப் பத்து. நான் சொன்னேம்லா, பயலுக்கு ஒண்ணுமில்லன்னு."

"நீங்க எங்க கோச் சொன்னீங்க?" என்றாள் ஷாஹிதா.

"மனசுல சொன்னேன்."

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பட்டைகளைக் கழற்றினார்கள். அவர்கள் கண்டது முகமற்ற நிழல்களையும் மங்கிய மணலையும் மட்டுமே; எதிர்ப்பாதிக்குள் போனவனுக்கும் எட்டாவது கட்டிலில் படுத்தவளுக்குமே அங்குள்ளது தெரியும். மாசானம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். வல்லி சைகை காட்டவே ஞானதிரவியம் மற்ற வீரர்களை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"டாக்டர்," என்றாள் வல்லி, "அந்த நிழல் பேசிச்சு."

ஷாஹிதா தலையசைத்தாள். "நிழலுக்குப் பேச்சு கிடையாது மேடம். பேச்ச நாங்க பதியவே இல்லையே. கனவுல அது பேசுச்சுன்னா, அந்தப் பேச்சத் தூங்குறவங்க யாரோதான் அதுக்குக் குடுத்திருக்கணும்." சற்று நின்று, ஏதோ புரிந்தவள்போல, அவளும் திரையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

கூடத்தில் இருவரே இருந்தார்கள்.

"எங்கிட்டதான் கேட்டான்," என்றான் மாசானம், திரும்பாமலே. "அந்த ஆட்டத்துக்கு முந்தி. ரெண்டு பேரும் உக்காந்து கால்ல டேப்பு சுத்திக்கிட்டு இருந்தோம். நாகபுரி டீம் டாக்டர் ஒருத்தரு போன் பண்ணி முட்டி ஸ்கேன் கேக்காராம். எதுக்குல எங்கிட்டக் கேக்காரு, என்ன வித்துட்டாங்களான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"கிறுக்குப் பயலே, மேடம் கேக்காம விக்க மாட்டாங்கல, போய் ஆடுன்னேன்." அவன் எழுந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது, அழவில்லை. "நம்பலன்னுதான் நெனைக்கேன். பாதி நம்பி பாதி பயந்துதான் ஆடிருக்கான். ஈராண்டா எனக்கு அது நெஞ்சுல கெடக்கு. சொன்னது சரிதானான்னு. சரிதான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அங்க போயி அவன் மூஞ்சியப் பாத்தா அந்தக் கேள்வி மட்டுந்தான் கேக்கு."

"உன் காலை அவன் விடவே இல்லையே, மாசானம்."

"அவனா பிடிச்சுக்கிட்டு இருந்தான்?" என்றான். "நாந்தான் மேடம் கால எடுக்கல. பதில் சொல்லாம எப்படித் திரும்பி வர?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி ஆயிற்று. வல்லி அவன் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் அமர்ந்தாள்.

"உன் பேர் பட்டியல்ல இல்ல. இனிமே இருக்கவும் வேண்டாம். புள்ளி திரும்பிருச்சு."

"எழுதிருங்க மேடம்."

"என்னத்த?"

"எம்பேர. விடுவிப்புப் பட்டியல்ல." அவன் சொற்களைத் தேடித்தேடி எடுத்தான். "நேத்து எழுதிருந்தீங்கன்னா நான் செத்தேன். இன்னைக்குப் பத்துக்குப் பத்து. இன்னைக்கு விட்டா நாலு டீமு வரும். இல்ல, வராமக்கூடப் போகட்டும். நான் உங்களுக்கு ஆடினா இனிமே பாட்டு வராது. போறப்பவே தெரியும், நடுவுல அறுந்துரும்னு."

அவள் அவனைத் தடுக்க நினைத்தாள். அணியின் நிலை, கோப்பை, அவன் இல்லாமல் வரும் ஆண்டின் வெறுமை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் அவள் மனம் அவனுக்கு மாற்றாக யாரை எடுக்கலாம் என்றுகூட ஒரு கணம் எண்ணியது. அந்த எண்ணத்தைக் கண்டு அவளே கூசினாள்.

கீழே அலுவலக அறையில் ஞானதிரவியம் பட்டியலைத் திரையில் திறந்து வைத்திருந்தார். மாசானத்தின் பெயரை அவள் தட்டெழுதுவதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்ன மேடம் இது? பத்துப் புள்ளி எடுத்தவனையா?"

"அவன் கேட்டிருக்கான்."

"அவன் கேட்டா? அவன் நாளைக்கு நிலாவக் கேப்பான்." பெயருக்கு எதிரே காரணம் என்று ஒரு கட்டம் திறந்தது. ஞானதிரவியம் பெருமூச்சு விட்டார். "சரி, வழக்கம்போல உடற்தகுதின்னு போட்டுருங்க. மொதலாளிமாரு அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

"வேண்டாம் கோச்."

அவள் எழுதத் தொடங்கினாள். நீண்ட நேரம் எழுதினாள். ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதினாள். ஞானதிரவியம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் இருந்த எரிச்சல் கழன்று விழுந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது சங்கத்துக்குப் போகும். அங்கேருந்து எல்லா டீமுக்கும் போகும். உங்கள நம்பித்தான் நம்ம பயலுவ எல்லாம் வந்தானுவ," என்றார் மெதுவாக. "நாளைக்கு இந்த நாற்காலியில நீங்க இருக்க மாட்டீங்க மேடம்."

"மாட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் நீங்க. ரெண்டு வருசம். தெனமும் டீ குடிச்சிருக்கோம்."

வல்லி எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே பையோடு உட்கார்ந்திருந்த மாசானத்தை அழைத்தாள். அவன் வந்து வாசற்படியிலேயே நின்றான். அவள் எழுதியதை முதலிலிருந்து வாய்விட்டு வாசித்தாள்.

"காரணம்: வீரரிடம் குறை ஒன்றும் இல்லை. ஈராண்டுக்குமுன் இவ்வணியின் இடது ஓர வீரர் ஒருவரை, அவரைக் கேளாமல், நாகபுரி அணிக்கு மாற்ற நான் கையெழுத்திட்டேன். அவர் இறந்தபின் அதை மறைத்தேன். மாசானம் இதனை இன்று அறிந்தார். என்மேல் நம்பிக்கை இழந்து அவரே விடுதலை கோருகிறார். குழைக்காதவல்லி, பொது மேலாளர்."

மாசானம் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கோ தூரத்தில் ஒரு ரயில் ஆற்றுப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது.

"வீரர் ஒருவர்னு போட்டிருக்கீங்க," என்றான். "பேரப் போடுங்க மேடம்."

அவள் திரும்பிவந்து அமர்ந்து, அந்த இடத்தில் இசக்கிராசா என்று எழுதினாள். ஆறு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. விரலைப் பொத்தானின்மேல் வைத்தவள், அழுத்தாமல், நாற்காலியைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அனுப்பட்டுமா, மாசானம்?"

அவன் யோசித்தான். அவனுக்கு வேண்டிய நேரத்தை அவன் எடுத்துக்கொள்ளும்வரை அவள் காத்திருந்தாள்.

"அனுப்புங்க," என்றான்.